140 பேப்பர், ஹெச்-இண்டெக்ஸ் 38: புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் எண்களை எப்படிப் படிப்பது?

ராம்நாட்டுப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். ஊர்க்காரர் ஒருவர், இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ புற்றுநோய் ஆராய்ச்சியில் இருப்பவர், அவர் போட்டோவுக்குக் கீழே "140 ஆய்வுக்கட்டுரைகள், 6,200 மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ் 38" என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த மூன்று எண்ணும் என்ன என்று கேட்டால் அனுப்பியவருக்கும் தெரியாது, தட்டியவர்களுக்கும் தெரியாது. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், இது புரியாத விஷயம் இல்லை.

முதலில், பேப்பர் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்க் கரையில் நடப்பதையே எடுத்துக்கொள்ளலாம். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பாறைத் திட்டில் இறங்கிப் பாசி எடுக்கிற பெண்கள் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்று பெயர் சொல்லிப் பிரித்துத் தருவதை, பிஎச்டி மாணவி ஒருவர் பையில் போட்டு, மேலே லத்தீன் பெயர் எழுதிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் மணலும் உப்பும் போக அலசி, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடியாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று கொஞ்சம் சாறு மிஞ்சும். 96 குழிகள் கொண்ட, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கிய புற்றுநோய் செல்களை வளர்த்து, குழிக்குக் குழி அளவைக் கூட்டிக்கொண்டே அந்தச் சாற்றை விடுவார். மறுநாளோ அதற்கு மறுநாளோ எம்டிடி என்கிற மஞ்சள் கரைசலை ஊற்றினால், செல்கள் உயிரோடு இருக்கும் குழி ஊதாவாக மாறும், செத்துப்போன குழி வெளிறியே கிடக்கும். பாதி செல்கள் சாக எவ்வளவு சாறு வேண்டியிருந்தது என்று கணக்குப் போட்டு, எங்கே எடுத்த பாசி, எந்த மாதம், எந்தக் கரைப்பான், எத்தனை முறை செய்து பார்த்தோம் என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அதைப் படித்துக் குற்றம் குறை சொல்வார்கள், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கடைசியில் அச்சானால் அவர் பெயரில் ஒரு பேப்பர்.

"மன்னார் வளைகுடா பாசியில் புற்றுநோய்க்கு மருந்து" என்று செய்தி வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தட்டில் செல் செத்ததற்கும் மனிதனுக்கு மருந்து கிடைத்ததற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. பினாயிலை ஊற்றினாலும் அந்தச் செல்கள் சாகத்தான் செய்யும். கடலிலிருந்து நிஜமாகவே மருந்து வந்ததும் உண்டு: ஜப்பான் கடல் பஞ்சு ஒன்றிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளை 1986இல் பிரித்தெடுத்தார்கள், அதை ஒட்டிச் செயற்கையாகச் செய்த எரிபுலின் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2010இல். இருபத்து நாலு வருஷம்.

சரி, மேற்கோளுக்கு வருவோம். நம் மாணவி பேப்பரின் கடைசியில், யார் யாருடைய வேலையைப் பயன்படுத்தினார் என்று ஒரு பட்டியல் கொடுத்தாக வேண்டும். அந்த மஞ்சள்-ஊதா சோதனையை 1983இல் முதலில் எழுதிய டிம் மாஸ்மன் அனேகமாக அதில் இருப்பார். இப்படி ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிடுவதுதான் சைட்டேஷன், மேற்கோள். மண்டபத்திலிருந்து ஒரு பாசிப் பேப்பர் வரும்போது மாஸ்மன் கணக்கில் ஒன்று கூடும், பிரேசிலில் ஒரு மூலிகைப் பேப்பர் வந்தால் அதே கணக்கில் இன்னொன்று கூடும். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று தேடினால், அது எந்தப் பெரிய கண்டுபிடிப்பும் இல்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லி 1951இல் ஆலிவர் லௌரியும் கூட இருந்தவர்களும் எழுதியது, மூன்று லட்சம் மேற்கோளைத் தாண்டிவிட்டது. ஆகவே மேற்கோள் எண் சொல்வது "இதை இத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்தினார்கள்" என்பதைத்தான், "இது இவ்வளவு உயர்ந்தது" என்பதை இல்லை. திட்டுவதற்காகக் குறிப்பிட்டாலும் ஒன்று கூடும். கைடு மனம் குளிரட்டும் என்று சேர்த்தாலும் ஒன்று கூடும்.

இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணத் தொடங்கியவர் யூஜின் கார்ஃபீல்ட், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தவர். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று பார்க்க அங்கே வக்கீல்களிடம் 1873 முதலே ஒரு அட்டவணை இருந்தது. அதே வேலையை அறிவியலுக்குச் செய்யலாமே என்று 1955இல் எழுதி, 1964இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். அவர் நினைத்தது பழைய கட்டுரையிலிருந்து புதிய கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க ஒரு வழி. ஆளுக்கு மார்க் போடும் கருவியாக அது மாறியது பிற்பாடு.

அப்புறம் ஹெச்-இண்டெக்ஸ். பெயர்தான் மிரட்டும், கணக்கு சின்னது. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்னது. ஒருவருடைய பேப்பர்களை அதிக மேற்கோள் வாங்கியதிலிருந்து இறங்குவரிசையில் அடுக்குங்கள். எட்டு பேப்பர் போட்ட ஒருவருக்கு 48, 33, 12, 7, 5, 5, 2, 0 என்று இருக்கிறதென்று வையுங்கள். ஐந்தாவது பேப்பருக்கு 5 மேற்கோள் இருக்கிறது, சரி. ஆறாவதுக்கு 6 வேண்டும், ஆனால் 5தான் இருக்கிறது. அங்கே நின்றுவிட வேண்டும், அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 5. இன்னொருவர் மொத்தமே நாலு பேப்பர்தான் போட்டார், மேற்கோள்கள் 900, 4, 3, 1. இவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் 3. இரண்டு பேரில் யார் துறையை அசைத்தவர்? 900 வாங்கிய அந்த ஒரு பேப்பரை இந்தக் கணக்கு கண்டுகொள்ளவே இல்லை, அதில் 900 இருந்தாலும் ஒன்பதாயிரம் இருந்தாலும் இண்டெக்ஸ் 3தான். இன்னொன்று, இது ஏறுமே தவிர இறங்காது. ஆராய்ச்சியை விட்டு ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் பழைய பேப்பருக்கு மேற்கோள் வந்துகொண்டிருக்கும், எண் கூடிக்கொண்டிருக்கும். அதனால் 58 வயதுக்காரரின் 38ஐயும் 34 வயதுக்காரரின் 15ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

துறை மாறினாலும் எண் மாறிவிடும், இது நம் கரையில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போவதற்கு முன்னால் மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது, இப்போதும் அங்கே அதன் மையம் இருக்கிறது. கடலட்டையையோ நண்டு இனங்களையோ வாழ்நாள் முழுக்கப் படிக்கிற ஒருவருக்கு உலகத்திலேயே அந்த வேலையைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர், மேற்கோள் மெதுவாகத்தான் சேரும், ஆனால் அவர் விவரித்த இனத்தைத் தொடுகிறவர்கள் ஐம்பது வருஷம் கழித்தும் அவரைத்தான் தேடி வருவார்கள். புற்றுநோயிலோ உலகம் முழுக்க ஆய்வகங்கள், பணம், மாணவர்கள், ஒரு வருஷத்துக்குள் கொட்டும். ஹிர்ஷே இயற்பியல்காரர்களை மனதில் வைத்து, இருபது வருஷ வேலைக்கு 20 வந்தால் நல்ல விஞ்ஞானி என்றார், மருத்துவ உயிரியலில் அந்த அளவுகோல் செல்லாது. கடலட்டைக்காரரின் 14 புற்றுநோய்க்காரரின் 38க்குக் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்று இன்னொன்று சொல்வார்கள், அது ஆளுக்கு உரியதே இல்லை, ஆய்விதழுக்கு உரியது. ஓர் ஆய்விதழ் 2022, 2023 இரண்டு வருஷத்தில் போட்ட கட்டுரைகளுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி, அவ்வளவுதான். பிளஸ் டூ ரிசல்ட்டில் பள்ளியின் தேர்ச்சி சதவீதத்தைப் பார்த்து உள்ளே படிக்கிற பிள்ளையின் மார்க்கைச் சொல்ல முடியுமா, அந்த மாதிரி. புற்றுநோய்த் துறையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் ஒரு ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் சில வருஷங்களில் 500ஐத் தாண்டியது. நல்ல ஆய்விதழ்களுக்கே 10, 20 பெரிய விஷயம். காரணம், வருஷா வருஷம் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் அதில்தான் வருகிறது. "உலகில் இத்தனை பேருக்கு மார்பகப் புற்றுநோய்" என்று முதல் வரி எழுதுகிறவர்கள் எல்லாரும், நம் பாசி மாணவியையும் சேர்த்து, அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள். அந்த இரண்டு மூன்று கட்டுரைகள் மொத்தச் சராசரியையும் தூக்கிவிடுகின்றன.

140 பேப்பர் என்ற எண்ணுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். உயிரியல், மருத்துவப் பேப்பர்களில் ஆசிரியர் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு: முதல் பெயர் ராத்திரி பகலாக ஆய்வகத்தில் நின்ற மாணவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது, பணமும் யோசனையும் பொறுப்பும் அவருடையவை. நடுவில் இருப்பவர்கள் திசு மாதிரி கொடுத்தவர், புள்ளியியல் பார்த்தவர், நோயாளிகளைச் சேர்த்த மருத்துவர் என்று பலர். பெரிய மருந்துப் பரிசோதனைக் கட்டுரையில் இந்த நடுப்பகுதி நூறு பெயர்களைக்கூடத் தாண்டும். ஒன்றுமே செய்யாமல் பதவியால் மட்டும் உள்ளே வந்தவர்களும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் பொய்யாகிவிடும். எனவே 140இல் எத்தனை முதல் பெயர், எத்தனை கடைசிப் பெயர் என்று பார்ப்பது நல்லது. 140இல் எத்தனை சொந்த ஆய்வு, எத்தனை மற்றவர்கள் வேலையைத் தொகுத்து எழுதிய ரிவ்யூ என்றும் பாருங்கள், ரிவ்யூக்கள் மேற்கோளை அள்ளும்.

நம்ம ஆட்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி இருக்கிறது, இனிஷியல். வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும். முருகேசன் மகன் கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் முருகேசன் என்று இருந்தால், கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் "முருகேசன் கே." என்று அப்பாவைத்தான் காட்டுவார்கள். அதற்கு முந்தைய கல்லூரிக் காலப் பேப்பரில் அவர் "எம். கார்த்திக்". ஒரே ஆள் இரண்டு பேராகிவிட்டார், மேற்கோளும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எதிர்ப்பக்கமும் நடக்கும், தமிழ்நாட்டில் எத்தனை எம். கார்த்திக்! ஐந்தாறு பேருடைய வேலை ஒரே கணக்கில் சேர்ந்து, சிவில் இன்ஜினியரிங் பேப்பரும் ரத்தப் புற்றுநோய்ப் பேப்பரும் ஒருவரே எழுதியதாகக் காட்டும். இதற்காகத்தான் 2012இல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் வந்தது, ஆராய்ச்சியாளர் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டில் பிஎச்டி சேர்ந்த பிள்ளை இருந்தால் முதல் வாரமே அதை வாங்கிவிட்டு, பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் இருக்கச் சொல்லுங்கள்.

"உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி" என்று கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் அயனிடிஸ் குழு, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்து வெளியிடும் பட்டியல் அது, பணம் கட்டி வாங்குவது இல்லை, போலியும் இல்லை. முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், தனி ஆசிரியர் என்பதையும் கணக்கில் எடுப்பதால் வெறும் ஹெச்-இண்டெக்ஸை விடத் தேவலாம் என்றே சொல்வேன். ஆனால் அதில் இரண்டு பட்டியல்கள்: வாழ்நாள் முழுதுக்கும் ஒன்று, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒன்று. ஃப்ளெக்ஸ் எது என்று சொல்லாது. தன் பேப்பரைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டது எத்தனை சதவீதம் என்றும் அந்தப் பட்டியலில் ஒரு நெடுவரிசை இருக்கிறது, அதையும் ஃப்ளெக்ஸில் போட மாட்டார்கள். தன் முந்தைய வேலையைக் குறிப்பிடுவது தப்பில்லை, தொடர்ந்து ஒரே விஷயத்தில் வேலை செய்கிறவருக்கு அது வரத்தான் செய்யும், பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. இந்த எண்களுக்குள் அடங்காத செல்வாக்கு எப்படி இருக்கும்?

எல்லப்பிரகட சுப்பாராவைப் பாருங்கள். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். 1925இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்க ஒரு முறை எழுதினார், அந்தக் கட்டுரைக்கு எக்கச்சக்க மேற்கோள்கள். பிறகு லெடர்லே மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில்தான் அமினோப்டெரின் என்ற மருந்து உருவானது. அதைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்து, நோய் தற்காலிகமாகவாவது அடங்குகிறது என்று 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் எழுதிய கட்டுரை கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்று. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் பெயர் இல்லை. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்சேட்டை இன்றைக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஏற்றுகிறார்கள், மூட்டுவாதத்துக்கு மாத்திரையாகவும் தருகிறார்கள். அந்த ஒவ்வொரு ஊசிக்கும் மேற்கோள் எண்ணுவார் யாரும் இல்லை.

பக்கத்திலேயே இன்னொன்று. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து, புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆர். சங்கரநாராயணனும் உள்ளூர் மருத்துவக் குழுவும் ஒரு ஆய்வு செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு, பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணால் பார்ப்பது, வெள்ளையாக மாறினால் மேற்கொண்டு சோதித்துச் சிகிச்சை தருவது. பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். கிராமங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் இதைச் செய்து, மறுபக்கம் வழக்கமான கவனிப்பை மட்டும் கொடுத்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சோதனை செய்த பக்கத்தில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது என்று 2007இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. கட்டுரைக்கு மேற்கோள் நிறைய உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணுக்கு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்களே, என்னைக் கேட்டால் அந்தக் குழுவின் சாதனைப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அதுதான். ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றிக் கேட்கும்போது "எத்தனை பேப்பர்" என்பதை விட "அதை வைத்து யார் என்ன செய்தார்கள்" என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

சிலருக்கு அந்தப் பதில் வரத் தாமதமாகும். கோழியின் புற்றுக்கட்டி ஒரு வைரஸால் பரவுகிறது என்று பெய்டன் ரௌஸ் 1911இல் எழுதினார், பலரும் சட்டை செய்யவில்லை, நோபல் பரிசு வந்தது 1966இல், அப்போது அவருக்கு வயது 87. எல்லாருக்கும் அந்த ஆயுசு கிடைக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு, மேற்கோள் குவிந்தும் உள்ளே சரக்கு நிற்காத பேப்பர்கள். ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் முன்பு இருந்த க்ளென் பெக்லி, எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் லீ எல்லிஸோடு சேர்ந்து 2012இல் எழுதியதைப் பார்த்துப் புற்றுநோய்த் துறையே அதிர்ந்தது. ஆம்ஜெனில் 53 முக்கியமான ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது 6இல்தான் அதே முடிவு கிடைத்ததாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வந்த ஒரு பேப்பர், எந்த நோயாளிக்கு எந்த கீமோ வேலை செய்யும் என்று மரபணுவை வைத்தே சொல்லிவிடலாம் என்றது. மற்றவர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள், அதை நம்பி நோயாளிகளிடமே பரிசோதனை தொடங்கிவிட்டார்கள். இரண்டு புள்ளியியலாளர்கள் விடாமல் தரவைத் தோண்டி, வரிசைகள் இடம் மாறியிருப்பதைக் காட்டிய பிறகு, 2011இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இப்படித் திரும்பப் பெற்ற பேப்பரையும் விஷயம் தெரியாமல் மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடினால் திரும்பப் பெற்றதற்கான எச்சரிக்கை மேலேயே தெரியும், காசு கிடையாது, போனிலேயே பார்க்கலாம். கூகுள் ஸ்காலரும் இலவசம்தான், ஆனால் அது ஆய்வேடு, ஆய்விதழில் வருமுன் இணையத்தில் போட்ட முன்வரைவு எல்லாவற்றையும் எண்ணும், அதனால் ஒரே ஆளுக்கு ஹெச்-இண்டெக்ஸ் ஸ்கோபஸில் 29ம் அதில் 38ம் காட்டலாம். இரண்டுமே அந்தந்தக் கணக்குப்படி சரி.

கடைசியாக, இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது வேறு காரணத்துக்கு. வீட்டில் யாருக்கோ கட்டி, ராமேஸ்வரத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ மதுரைக்கோ அடையாறுக்கோ போக வேண்டும், எந்த டாக்டர் நல்லவர் என்று கூகுளில் தேடி, இவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் 40 என்று வந்து நிற்பார்கள். அந்த எண் அவர் ஆபரேஷன் எப்படிச் செய்வார் என்பதைச் சொல்லாது, ஆராய்ச்சியே செய்யாத கை தேர்ந்த மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது வேறு. இதே வகைக் கட்டிக்கு இங்கே அடிக்கடி சிகிச்சை நடக்கிறதா, அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்று மருத்துவர்களும் உட்கார்ந்து சேர்ந்து முடிவெடுப்பார்களா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை ஏற்கிறார்களா, கதிர்வீச்சுக்குத் தினமும் வர வேண்டுமென்றால் அத்தனை வாரமும் கூட இருப்பவர் தங்க இடம் இருக்கிறதா.